காணாமல்போன சிவப்புக் கம்பி

டேஷ்போர்டின் முகப்பைக் கழற்றியதும் ஸ்டீரியோ மாட்டுபவர் முதலில் தேடுவது ஒரு சிவப்புக் கம்பியை. வெளிச்சந்தையில் வாங்கும் எந்த ஸ்டீரியோவை எடுத்தாலும் அதன் பின்னால் தொங்கும் கம்பிகளின் நிறங்கள் பெரும்பாலும் ஒரே வழக்கில்தான் இருக்கும். மஞ்சள், பேட்டரியிலிருந்து எந்நேரமும் வரும் 12 வோல்ட். கறுப்பு, காரின் இரும்பு உடலோடு சேரும் எர்த். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் மின்சாரம். பெட்டி எப்போது விழிக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்று அதற்குச் சொல்வது இந்தச் சிவப்புக் கம்பிதான். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த பல கார்களில் ஸ்டீரியோ இருக்கும் இடத்துக்கு அந்தக் கம்பி வருவதே இல்லை. அது எங்கே போயிற்று, போனதால் என்னென்ன நேர்ந்தது என்பதுதான் இந்த அத்தியாயம்.

டெல்லியில் இந்தக் கேள்வி எழும் இடங்களில் ஒன்று புசா ரோடு. கரோல்பாகிலிருந்து ராஜேந்திரா பிளேஸ் பக்கம் போகும் அந்தச் சாலைக்கு மேலே 2005ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஓடத் தொடங்கிய மெட்ரோவின் நீல வழித்தடம் செல்கிறது. தலைநகரத் தமிழர்களுக்குப் பழகிய வட்டாரம்: டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இந்தச் சாலையில் இருக்கிறது, சற்றுத் தள்ளி, சாலைக்குப் பெயர் கொடுத்த வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். அதையொட்டி, வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த தேசிய இயற்பியல் ஆய்வகம். கரோல்பாக் பக்கம் திரும்பினால் கார் அலங்காரப் பொருள் கடைகள். சீட் கவர் தைப்பவர், கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுபவர், இவர்களோடு ஸ்டீரியோ மாட்டும் ஃபிட்டர்களும் அங்கே தொழில் நடத்துகிறார்கள்.

1983 டிசம்பரில் டெல்லியில் முதல் மாருதி 800 கைமாறியதிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தத் தொழில் எளிமையாகவே இருந்தது. அடிப்படை மாடல் கார் பாட்டு இல்லாமல்தான் வரும். டேஷ்போர்டில் ஒரு வெற்றுப் பொந்து மட்டும் விடப்பட்டிருக்கும். அந்தப் பொந்தின் அளவு 'டின்' எனப்படும் ஜெர்மனியின் தர நிர்ணய நிறுவனம் வகுத்து, பிறகு உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டது: அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர். உயரம் இரட்டித்தால் 'டபுள் டின்'. எந்த நாட்டுப் பெட்டியும் எந்த நாட்டுக் காரிலும் உட்காரும். மூன்று மின்கம்பி, நான்கு ஸ்பீக்கருக்கு எட்டுக் கம்பி, ஓர் ஆன்டெனா. கைப்பழக்கம் உள்ளவருக்கு அரைமணி நேர வேலை.

இன்றைய காரில் அந்தப் பொந்து இல்லை. எட்டங்குல, பத்தங்குலத் திரையாக, ஏசி விசைகளோடு ஒட்டிப் பிறந்த ஒன்றாக அது மாறிவிட்டது. ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி 'ஃபிரேம்' வார்த்து விற்கிறார்கள். ஆனால் வடிவம் பெரிய தடை இல்லை, பிளாஸ்டிக்கை வார்த்துவிடலாம். உண்மையான மாற்றம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கம்பிகளுக்குள் நடந்திருக்கிறது.

பழைய காரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கம்பி ஓடியது. விளக்குக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, பின்கண்ணாடிச் சூட்டுக்கு ஒன்று. காரில் மின்னணுப் பொருள்கள் பெருகப் பெருகச் செம்பின் எடையும் விலையும் தாங்க முடியாமல் போயின. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983இல் இதற்கு மாற்று தேடத் தொடங்கி, 1986 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் 'கேன்' என்ற முறையை வெளியிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மெர்சிடஸின் எஸ்-கிளாஸ் காரில் அது ஏறியது. இன்று சிறிய கார்களிலும் அது இருக்கிறது.

கேன் என்பது ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகள். எஞ்சின், பிரேக், கதவு, விளக்கு, ஸ்டீயரிங் என்று காரின் சிறு கணினிகள் எல்லாம் அந்த இரண்டு கம்பிகளிலேயே தொங்குகின்றன. யாரும் பேசாதபோது இரண்டிலும் 2.5 வோல்ட் நிற்கும். பேசும்போது ஒன்று 3.5க்கு ஏறும், மற்றது 1.5க்கு இறங்கும். கேட்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே படிக்கிறது. பக்கத்தில் ஓடும் ஸ்பார்க் பிளக் கம்பியின் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாக ஏறுவதால், கழிக்கும்போது அது மறைந்துவிடுகிறது. கம்பிகளை முறுக்கி வைப்பதே இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏற வேண்டும் என்பதற்காகத்தான்.

எல்லோரும் ஒரே கம்பியில் இருந்தால் இருவர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் என்ன ஆகும்? இங்கேதான் இந்த முறையின் அழகு இருக்கிறது. ஒவ்வொரு செய்தியும் தன் அடையாள எண்ணோடு தொடங்குகிறது. எண் சிறியதாக இருந்தால் முன்னுரிமை அதிகம். பூஜ்யம் அனுப்புபவர் கம்பியை இழுக்கிறார். ஒன்று அனுப்புபவர் சும்மா விடுகிறார். இருவரும் ஒன்றாகத் தொடங்கினால், ஒருவர் பூஜ்யமும் மற்றவர் ஒன்றும் அனுப்பும் அந்தக் கணத்தில், ஒன்று அனுப்பியவர் கம்பியில் பூஜ்யத்தைக் கண்டு நிறுத்திக்கொள்கிறார். கூட்டத்தில் பெரியவரும் இளையவரும் ஒன்றாகப் பேசத் தொடங்கினால் இளையவர் பாதிச் சொல்லில் வாயை மூடிக்கொள்வதைப் போல. பெரியவரின் செய்தியில் ஓர் எழுத்துகூடச் சிதைவதில்லை. இரண்டும் ஒன்றாகத் தொடங்கினால் பிரேக்கின் செய்தி பாட்டின் செய்திக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

சிவப்புக் கம்பி போன இடம் இதுதான். சாவி திருப்பப்பட்டது என்பது இப்போது ஒரு செய்தி. ரிவர்ஸ் கியர் விழுந்தது, முகப்பு விளக்கு எரிகிறது, ஸ்டீயரிங்கில் ஒலி கூட்டும் பொத்தான் அழுத்தப்பட்டது, பின்கதவு திறந்திருக்கிறது என எல்லாமே எண்ணும் எட்டு பைட்டுக்குள் அடங்கும் செய்திகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. காரோடு வந்த ஸ்டீரியோவுக்கு அவை புரியும். கடையில் வாங்கியதற்குப் புரியாது.

அதனால் ஸ்டீரியோவோடு சேர்த்து ஒரு சிறு பெட்டி விற்கப்படுகிறது. ஃபிட்டர்கள் அதை 'கேன்பஸ்' என்றே அழைக்கிறார்கள். அந்தப் பெட்டி காரின் இரண்டு கம்பிகளைக் கேட்டுக்கொண்டிருந்து, சாவிச் செய்தி வந்ததும் ஒரு சிவப்புக் கம்பியில் 12 வோல்ட்டைச் செயற்கையாக உண்டாக்குகிறது. பொத்தான் செய்திகளை ஸ்டீரியோவுக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறது. எந்த எண்ணுக்கு எந்தப் பொருள் என்ற அட்டவணையைக் கார் நிறுவனங்கள் பொதுவில் வெளியிடுவதில்லை. சீனாவின் ஷென்சென் போன்ற இடங்களில் இந்தப் பெட்டி செய்பவர்கள் ஒவ்வொரு மாடலையும் நிறுத்தி வைத்து, ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, எந்த எண் மாறுகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதிய அட்டவணை அது. பொறுமையான, மதிக்கத்தக்க உழைப்பு. ஆனால் அது ஊகத்தின் மேல் நிற்கிறது. நிறுவனம் அடுத்த ஆண்டு மாடலில் ஒரு பைட்டை இடம் மாற்றினால் ஒலி கூட்டும் பொத்தான் பாட்டை மாற்றும். ரிவர்ஸ் போட்டால் கேமரா வராது.

இந்தப் பெட்டியின் விலையை மிச்சம் பிடிக்க நினைத்தால்? ஃபிட்டர் ஃபியூஸ் பெட்டியில் எங்கிருந்தாவது மின்சாரம் எடுப்பார். அது எந்நேரமும் உயிரோடு இருக்கும் ஃபியூஸாக அமைந்துவிட்டால் ஸ்டீரியோ உறங்காது. சிறிய கார்களில் பரவலாக இருக்கும் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. உறங்காத ஸ்டீரியோ அரை ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி 70 மணி நேரத்தில், மூன்று நாளுக்குள், அது காலி. எஞ்சினைச் சுழற்றும் பலம் அதற்கும் முன்பே போய்விடும். இன்னொரு விபரீதமும் உண்டு. காரைப் பூட்டிய சிறிது நேரத்தில் கேன் கம்பிகளில் பேச்சு அடங்கி எல்லாக் கணினிகளும் உறங்க வேண்டும். தவறான பெட்டி ஒன்று கம்பியில் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருந்தால் மற்றவையும் விழித்தே இருக்கும். அப்போது இழுப்பு பல ஆம்பியராகலாம், ஓரிரவே போதும். வெளியூர் போய்த் திரும்பி வந்து, ஸ்டார்ட் ஆகாத காரைப் பார்த்துப் பேட்டரியைக் குறை சொல்பவர்கள் பலர். பேட்டரி மேல் குற்றமில்லை.

கேன் கம்பியிலேயே கத்தி வைப்பது இன்னும் மோசம். இரண்டு முனைகளிலும் தலா 120 ஓம் தடை உண்டு. செய்தி முனையில் மோதி எதிரொலிக்காமல் இருக்க. இரண்டும் இணையாக இருப்பதால் மல்டிமீட்டரில் 60 ஓம் காட்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு ஊசிச் சோதனைச் சாக்கெட்டில் 6ஆம் ஊசிக்கும் 14ஆம் ஊசிக்கும் இடையே, இக்னிஷனை அணைத்துக் கார் உறங்கிய பின், பல கார்களில் இதை அளந்து பார்க்கலாம். 120 காட்டினால் எங்கோ ஒரு முனை அறுந்திருக்கிறது. ஸ்டீரியோ மாட்டிய பிறகு ஏர்பேக் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் எரிவதாக வரும் வண்டிகளில் இந்தச் சோதனை நிறையச் சொல்லும்.

டெல்லிக் கடைகளில் காதில் விழும் ஒரு தொழில் வாக்கு 'கப்ளர் டு கப்ளர்'. கப்ளர் என்பது கம்பிக் கொத்தின் முனையில் இருக்கும் சொருகி. அதாவது ஒரு கம்பியைக்கூட வெட்டாமல், காரின் சொந்தக் கப்ளருக்கும் புதுப் பெட்டிக்கும் நடுவே, இரண்டு பக்கமும் பொருந்தும் இடைக் கம்பிக் கொத்தைச் சொருகிவிடுவது. கழற்றினால் கார் பழையபடி ஆகிவிட வேண்டும். வெட்டிய கம்பியைக் கண்டால் மின்சாரப் பழுதுகளுக்கு வாரண்டி மறுக்கப்படும் என்ற அச்சத்தில் பிறந்த வழக்கம் இது. அச்சம் கொடுத்த நல்ல ஒழுக்கம் என்றே இதைச் சொல்வேன்.

இனி சத்தத்துக்கு வருவோம். அட்டைப் பெட்டியில் '4 × 50 வாட்' என்று அச்சிட்டிருக்கும். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் தடை 4 ஓம். அழுத்தத்தைத் தன்னாலேயே பெருக்கித் தடையால் வகுத்தால் திறன்: 14.4ஐ 14.4ஆல் பெருக்கி நான்கால் வகுத்தால் 51.8 வாட். ஐம்பது இங்கிருந்து வருகிறது. ஆனால் முழு 14.4 வோல்ட்டும் இடைவிடாமல் ஸ்பீக்கரில் நிற்க வேண்டுமானால் வெளிவருவது சதுர அலையாக இருக்க வேண்டும். அது காதைக் கிழிக்கும் கரகரப்பு. சீராக ஏறி இறங்கும் தூய அலைக்கு அதில் சரிபாதிதான் சாத்தியம், சுமார் 26 வாட். ஆம்ப்ளிஃபையருக்குள் இழப்பையும் கழித்தால் பதினெட்டு முதல் இருபத்திரண்டு வாட் நிஜம். வாட்டுக்கும் வோல்ட்டுக்கும் இந்தியாவின் அளவுத் தரத்தைக் காக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்தக் கடைகளிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. வாங்குபவர் கேட்க வேண்டியது இந்த நிஜ எண்ணை, அதாவது 'ஆர்எம்எஸ்' வாட்டை. அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி ஆம்ப்ளிஃபையர்தான் வழி. 12 வோல்ட்டை உள்ளுக்குள் உயர்த்திக்கொள்ளும் மின்வழங்கி அதில் இருக்கிறது.

தனி ஆம்ப் வைத்ததும் புதுத் தொல்லை ஒன்று சேரும்: ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஏறும் ஒரு சீழ்க்கை. அதன் சுருதியையே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். சும்மா ஓடும் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று. பெல்ட் வழியாக ஆல்டர்னேட்டர் அதைப்போல இரண்டரை மடங்கு, 2,000 சுற்று. அதாவது நொடிக்கு 33. ஆறு இணைத் துருவங்கள் இருந்தால் நொடிக்கு 200 மின்சுழற்சி. மூன்று கட்ட மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றும்போது ஒவ்வொரு சுழற்சிக்கும் ஆறு சிறு மேடுகள் மிஞ்சும். ஆக 1,200 ஹெர்ட்ஸ். நம் காது நன்றாகக் கேட்கும் பகுதி அது. எஞ்சின் 2,000 சுற்றுக்கு ஏறினால் 3,000 ஹெர்ட்ஸ். காது அங்கே இன்னும் கூர்மை. ஸ்டீரியோவின் எர்த்தும் ஆம்ப்பின் எர்த்தும் காரின் உடலில் வெவ்வேறு இடத்தில் இருந்து, இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் மின்னழுத்த வேறுபாடு இருந்தால் அந்த மேடுகள் பாட்டுக்குள் நுழைந்துவிடுகின்றன. எர்த் போல்ட்டின் அடியில் பெயின்டைச் சுரண்டி, வெற்று இரும்பில் இறுக்குவதே பாதி மருந்து. எர்த்தை நேரே பேட்டரியின் எதிர்முனையில் கட்டுவது பழைய பழக்கம். இப்போது பல கார்களில் அந்த முனையில் மின்னோட்டம் அளக்கும் உணரி உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டிக் கட்டினால் காரின் கணினிக்குப் பேட்டரிக் கணக்குத் தப்பிவிடும்.

வேறு சில சிக்கல்களும் உண்டு. பின்விளக்குக்குத் துடிப்புத் துடிப்பாக மின்சாரம் கொடுக்கும் கார்களில் அதிலிருந்து கேமராவுக்கு மின்சாரம் எடுத்தால் படம் மினுங்கும். ரிலேயும் வடிகட்டியும் வேண்டும். கூரைமேல் இருக்கும் சுறாத்துடுப்பு ஆன்டெனாவுக்குள் ஒரு சிறு பெருக்கி இருக்கிறது. நீலக் கம்பியால் அதற்கு மின்சாரம் தராவிட்டால் எஃப்எம் கரகரக்கும். புசா ரோட்டில் மெட்ரோ பாலத்தின் நேர் அடியில் ஜிபிஎஸ் தடுமாறினால் அதற்கு ஃபிட்டரை நொந்து பயனில்லை. தலைக்கு மேல் கான்கிரீட் வானத்தை மறைக்கிறது. முன்கண்ணாடித் தூணில் ட்வீட்டர் எனும் சிறு ஸ்பீக்கரைப் பொருத்துபவர் அந்தத் தூணுக்குள் திரை ஏர்பேக் மடித்து வைத்திருக்கிறதா என்று பார்க்காமல் துளையிடக் கூடாது. மஞ்சள் கப்ளர் ஏர்பேக்குடையது, மின்சாரக் காரில் ஆரஞ்சுக் கம்பி உயர் மின்னழுத்தம். இவ்விரண்டையும் தொடவே கூடாது.

இத்தனைக்கும் நடுவில் புத்திசாலித்தனமான ஒரு வழி பரவிவருகிறது: கார் கொடுத்த திரையை அப்படியே விட்டுவிட்டு, அதன் ஸ்பீக்கர் கம்பிகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் எண்முறையில் ஒலியைத் திருத்தும் டிஎஸ்பி பெட்டியை வைப்பது. சின்ன ஸ்பீக்கர்களின் குறையை மறைக்க நிறுவனம் கூட்டிக் குறைத்திருக்கும் ஒலியை இது முதலில் சமப்படுத்துகிறது. பிறகு காலத்தைத் திருத்துகிறது. நம் ஊர்க் காரில் ஓட்டுபவர் வலப்பக்கம். வலக்கதவு ஸ்பீக்கர் அவருக்கு 0.8 மீட்டரில் என்றால், இடக்கதவு ஸ்பீக்கர் 1.5 மீட்டரில் இருக்கும். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. 70 சென்டிமீட்டர் அதிகத் தூரத்துக்கு இரண்டு மில்லிநொடி. அந்த இரண்டு மில்லிநொடி போதும், பாடகர் வலக்கதவுக்குள் உட்கார்ந்து பாடுவதாக மூளை முடிவு செய்துவிடும். முதலில் வந்த ஒலியின் திசையையே நம்புவது கேட்கும் திறனின் இயல்பு. 1949இல் ஹெல்முட் ஹாஸ் இதை ஆராய்ந்து எழுதினார். வலப்பக்க ஒலியை இரண்டு மில்லிநொடி தாமதப்படுத்தினால் பாடகர் டேஷ்போர்டின் நடுவுக்கு வந்துவிடுகிறார். விலை உயர்ந்த ஸ்பீக்கரால் முடியாததை இந்தச் சிறு தாமதம் செய்கிறது. பணம் செலவழிக்க விரும்புபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

டெல்லியின் ஃபிட்டர்களுக்கு இந்தப் புதுக் கலையைக் கற்பது மற்ற ஊர்களைவிட அவசரமானது. காற்று மாசுக்காக 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளையும் பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகளையும் தலைநகர்ப் பகுதியில் தடை செய்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. அமலாக்கத்தில் பிறகு எத்தனை ஏற்ற இறக்கம் வந்தாலும், பழைய கார்கள் பல வேறு மாநிலங்களுக்கு விற்கப்பட்டுப் போயின. மூன்று கம்பிக் கார்கள் வெளியூருக்குப் போக, முறுக்குக் கம்பிக் கார்கள் புசா ரோட்டில் மிஞ்சின. இலங்கையில் சிக்கல் வேறு மாதிரி. ஜப்பானில் ஓடி முடித்து அங்கே இறங்கும் கார்களின் வானொலி ஜப்பானிய எஃப்எம் அலைவரிசைக்கானது. அது 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கிப் பல பெட்டிகளில் 90உடன் நின்றுவிடும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் 108 வரை ஒலிக்கும் நிலையங்களைக் கேட்க, அலைவரிசையை இறக்கித் தரும் சிறு பெட்டியோ புது ஸ்டீரியோவோ வேண்டியிருக்கிறது.

கார் நிறுவனங்கள் அட்டவணையை மூடி வைப்பதற்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு ஜீப் செரோக்கியின் ஸ்டீரியோ வழியாகத் தொலைவிலிருந்தே உள்ளே நுழைந்து, ஓடும் வண்டியைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. கேன் முறையில் செய்தி அனுப்புபவர் யார் என்று சோதிக்க வழியில்லை. கம்பியில் ஏறியவர் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். யார் எழுதியது என்று தெரியாத மென்பொருளோடு இணையத்தில் உலவும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவை அந்தக் கம்பியில் நேரே கட்டுவது ஆபத்துதான்.

ஆனால் மூடி வைப்பதால் அந்த ஆபத்து குறையவில்லை. ஊகித்து எழுதிய அட்டவணைகளும் பெயரில்லாத பெட்டிகளும்தான் பெருகின. நாட்டில் முன்னுதாரணம் உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிப் பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்குத் தராமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022 டிசம்பரில் நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியபோது வாகனத்துறையையும் அதில் சேர்த்தது. அடுத்த படி சிறியது: சாவி நிலை, ரிவர்ஸ், விளக்கு, ஸ்டீயரிங் பொத்தான் ஆகிய நான்கு செய்திகளை மட்டும், கேட்க முடியும் பேச முடியாது என்ற வகையில், ஸ்டீரியோ கப்ளரில் நிறுவனங்களே கொடுத்துவிட வேண்டும். பிரேக்கின் ரகசியம் அதில் எதுவும் வெளியே போகாது. கார் வாங்கியவருக்குத் தன் சாவி திரும்பியதா என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது இருக்க வேண்டும்.

அது வரும்வரை, ஸ்டீரியோ மாற்றப்போகும் வாசகரே, கடையில் ஒரே ஒரு சோதனையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் காரைப் பூட்டி அரைமணி நேரம் விடச் சொல்லுங்கள். பிறகு பேட்டரிக் கம்பியில் நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் பணத்தைக் கொடுக்காதீர்கள். வேலை இன்னும் முடியவில்லை.